எங்கம்மா அழுத கேசட்

எழவு வீட்டுல அழுவுறதுக்கு ஒரு அளவு உண்டு. முன்னப்பின்ன தெரியாத வீட்டுக்குப் போனா, செத்தவரோட மவன விடச் சத்தமா அழப்பிடாது. அன்னைக்கு இது எனக்குத் தெரியாது. (எட்டாவது பெயிலு. இதெல்லாம் ஒம்பதாவதுல சொல்லிக் குடுப்பாவ போல.)

எங்கய்யா செத்து மூணு மாசம் இருக்கும். ஸ்ரீவைகுண்டத்துலேர்ந்து லாரியில வாழைத்தார் ஏத்திக்கிட்டு தச்சநல்லூர் வந்தேன். எறக்கிப் போட்டுட்டு டீ குடிக்கப் போனா, பக்கத்துத் தெருவுல ஒரு எழவு. மைக் செட்டுல ஒப்பாரி ஓடுது.

"மீசைய முறுக்கிக்கிட்டு மோட்டாரு போட்டவரே,
மோட்டாரு ரூம்பு சாவிய எங்கன வச்சிய..."

அது எங்கம்மா! எங்கய்யாவுக்கு அழுதது! அந்தச் சாவி நெசமாவே காணாமப் போச்சு, அம்மா அழுகையோட அழுகையா அதையும் கேட்டுப்போட்டா. எங்கய்யா எழவுக்கு வந்த மைக் செட்டுக்காரன் அம்மா மொவத்துக்கு நேரா மைக்க நீட்டுனது ஏன்னு இப்பத்தான் வெளங்குச்சு. களவாணிப்பய கேசட் போட்டு வித்துட்டான்.

ஓடுனேன். நிறுத்தச் சொல்லத்தான் ஓடுனேன், சத்தியமா. ஆனா உள்ள போனதும் அம்மா கொரலு நெஞ்ச அமுக்கிட்டு. ஸ்பீக்கர் பொட்டி செத்தவரு தலமாட்டுல இருக்கு. அதக் கட்டிப்பிடிச்சி "எய்யா!"ன்னு ஒரு கூப்பாடு போட்டேன் பாருங்க, மொத்தக் கூட்டமும் அழுகைய விட்டுட்டு என்னயப் பாக்குது.

செத்தவரோட மூத்த மவன் வந்து என் தோளப் புடிச்சாரு. வக்கீல் ஆபீசுல குமாஸ்தாவாம்.

"யாருலே நீ?"

"இது எங்கய்யாவுக்கு உள்ளது!"

"எது?"

ஸ்பீக்கரக் காட்டுனேன். அதுக்குக் கீழதான் அவரு அப்பா படுத்துருக்காரு.

"அழுவுறது எங்கம்மா வே!"

"அம்மா எங்கன இருக்கா?"

"ஸ்ரீவைகுண்டத்துல."

கூட்டத்துல ஒரு பெருசு பைய சொல்லுதாரு: "மாசா மாசம் பெருமாளப் பாக்கப் போறேன்னு ஸ்ரீவைகுண்டத்துக்குத்தானவே போவாரு!"

மூலையில சாஞ்சு கெடந்த அந்த வீட்டம்மா எந்திச்சு உக்காந்துட்டாவ.

நல்லவேளை, கேசட்டுல எங்கம்மா மறுபடியும் மீசைய முறுக்குனா. எல்லாரும் செத்தவரு மொவத்தப் பாத்தாவ. மழமழன்னு இருக்கு. (எங்கய்யா மீசதான் அன்னைக்கு எம்முதுகக் காப்பாத்துச்சு.)

அப்பறம் விசயத்தச் சொன்னேன். அந்த வீட்டுக்கு வந்த மைக் செட்டுக்காரரு கேசட் கவரக் கொண்டாந்து, "உரிமையெல்லாம் போட்டுருக்கு தம்பி"ன்னாரு. அட்டையில யாரோ ஒரு பொம்பள தலைய விரிச்சுப் போட்டு நிக்கா. கீழ எழுத்துக்கூட்டி வாசிச்சேன்: 'அனுமதியின்றிப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம்.' களவாண்டவனே எழுதியிருக்கான்!

குமாஸ்தா அண்ணாச்சி சொன்னாரு: "அழுதது இவன் அம்மான்னா உரிமையும் அந்தம்மாவுக்குத்தான். கேக்காமப் போடப்பிடாது. நிறுத்தும் வே."

நிறுத்துனாவ. செயிச்சிட்டேன். ஆனா வீடே வெறிச்சுன்னு ஆயிட்டு. அந்த வீட்டம்மா என்னயக் கூப்புட்டாவ.

"எனக்கு இப்படியெல்லாம் அழத் தெரியாதுய்யா. இவியளும் சாவிய எங்கயாவது வச்சிட்டு வீட்டயே பொரட்டுவாவ. அந்த எடம் வந்தப்பத்தான் எனக்குக் கண்ணீரே வந்துச்சு. நான் கேட்டேன்னு உங்க அம்மாட்ட சொல்லு. போடட்டுமா?"

தலையாட்டுனேன். வேற என்னத்தச் செய்ய?

வீட்டுல போயி எல்லாத்தையும் சொன்னேன். அம்மா ஒண்ணுதான் கேட்டா.

"அந்தம்மா நல்லா அழுதாளா?"

"அழுதாவ."

"பொறவு என்னலே?" அடுப்படிக்குப் போனவ திரும்பி, "அந்தச் சாவி சமாச்சாரத்த மட்டும் வெட்டிட்டுப் போட்டுருக்கலாம், சவத்துப்பய."

அன்னையிலேர்ந்து வீட்டுல எம்பேரு 'தச்சநல்லூர் வாரிசு'. சொத்துல பங்கு வந்துச்சான்னு எங்க சித்தப்பா பாக்கும்போதெல்லாம் கேப்பாரு.

போன மாசம் அம்மாவும் போயிட்டா. எங்க வீட்டுக்கு வந்த மைக் செட்டுக்காரன், வெவரம் தெரியாம அதே கேசட்டப் போட்டான். எங்கம்மாவுக்கு எங்கம்மாவே அழுதா. நிறுத்தச் சொல்ல உரிமை உள்ள ஆளு நடுவீட்டுல படுத்துக் கெடக்கா.

'சாவிய எங்கன வச்சிய'ன்னு வந்துச்சு. "இனி நேர்லயே கேட்டுக்கிடுவா"ன்னாரு சித்தப்பா. அழுதுக்கிட்டு இருந்த பொம்பளையளெல்லாம் சிரிச்சிட்டாவ.

எனக்குத் தாங்கல. எந்திச்சுப் போயி ஸ்பீக்கரக் கட்டிப்பிடிச்சேன். சித்தப்பா பின்னாலயே வந்து முதுவத் தட்டுனாரு.

"ஏலே, இந்தத் தடவ சரியான வீடுதான். நல்லா அழு."