மூடுபனியில் மூன்று தக்காளி

இந்த ஜூலையில் என் தக்காளிச் செடிகளை விட்டு ஓரடிகூட நகர்வதில்லை என்று ஜனவரியிலேயே தீர்மானம் போட்டேன். போட்டது குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு. என் வீட்டில் என் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும் ஒரே சபை அதுதான்.

காரணம் சொல்கிறேன். எங்கள் கலிபோர்னியாச் சமவெளியில் ஜூலை மூன்றாம் வாரம் மாவட்டக் கண்காட்சி நடக்கும். அதில் வீட்டுத் தோட்டத் தக்காளிக்கு ஒரு போட்டி. மூன்று பழம், ஒரு தட்டு, புதன்கிழமை மத்தியானத்துக்குள் வளர்த்தவரே நேரில் கொண்டுவர வேண்டும். ஜெயித்தால் நீல ரிப்பன். ஏழு வருஷமாக நான் பழம் கொண்டுபோகிறேன். ஏழு வருஷமாகப் பக்கத்து வீட்டு வெர்ன் ரிப்பன் கொண்டுவருகிறார். கொண்டுவந்ததைத் தன் வேலியில், என் சமையலறை ஜன்னலுக்கு நேராகக் கட்டித் தொங்கவிடுகிறார்.

என் மனைவி கோரினுக்கு அதே வாரத்தில் வேறு யோசனை. மெண்டசீனோ கடற்கரையில், மரங்களுக்கு நடுவே, முகாம் போடுகிறவர்களுக்கென்று சின்னச் சின்ன மரக்குடில்கள் கட்டிவைத்திருக்கிறார்கள். ஓர் அறை, ஒரு விறகடுப்பு, படுக்கப் பலகை. எங்கள் ஊர் நூற்றுப் பத்து டிகிரியில் வேகும்போது அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கலாம். காலையில் மூடுபனி. மத்தியானம் கொஞ்சம் மாறுதலுக்கு மூடுபனி. கடல் இருக்கிறதா என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பணம் கட்டிப் போகிறார்கள்.

போகிறார்கள் என்றா சொன்னேன்? முட்டி மோதுகிறார்கள். தங்கும் நாளுக்குச் சரியாக ஆறு மாதம் முன்னால், காலை எட்டு மணிக்குக் கணினியில் முன்பதிவு திறக்கும். எட்டு அடித்து இரண்டு நிமிடத்தில் கடை காலி. கல்யாணத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக வருகிற எங்கள் ஊர்க்காரர்கள், இதற்கு மட்டும் ஏழே முக்காலுக்குப் பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஜனவரி இருபதாம் தேதி அந்தப் பொறுப்பைக் கோரின் என்னிடம் ஒப்படைத்தாள். எனக்குத்தான் விரல் வேகமாம். எதிரியே வந்து கோட்டைச் சாவியைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. அவள் குழந்தை ஹேசலைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டாள்.

எட்டு மணி. திரையில் ஒன்பது குடில்களும் பச்சையாக மின்னின. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஐந்து பச்சை. காப்பியைக் கலக்கினேன். இரண்டு. சர்க்கரை கரைந்ததா என்று சந்தேகம், இன்னொரு தரம் கலக்கினேன். ஒன்று. கடலைப் பார்த்த ஏழாம் நம்பர் குடில், கோரின் படம் காட்டிக் காட்டி ஆசைப்பட்டது. அதுவும் என் கண்ணெதிரே சாம்பல் நிறமாகி அணைந்தது. எங்கேயோ இருந்துகொண்டு அதைத் தட்டிப் பறித்த முகம் தெரியாத அந்தப் புண்ணியவான் நூறு வருஷம் வாழட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்ச் செய்தியைச் சொன்னேன். விரல் தேயத் தட்டினேன், பலிக்கவில்லை என்றேன்.

"அப்படியா" என்றாள் கோரின், குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே.

அவள் அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அழவில்லை. அதனால் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. குற்ற உணர்ச்சி வந்த புருஷன் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். குடில் மட்டும் கிடைத்திருந்தால் விறகு பிளப்பதெல்லாம் நானே என்றேன். பிப்ரவரியில், மூன்று வேளைச் சமையலும் நானே என்றேன். மார்ச்சில், ராத்திரி குழந்தை விழித்தால் நீ எழுந்திருக்கவே வேண்டியிருக்காது என்றேன். செலவில்லாத தாராளம் என்பது ஒரு போதை. கோரின் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டினாள். நினைவுக்காக இருக்கட்டும் என்றாள். நெகிழ்ந்துபோய், அணையாடை அலசுவதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை தோட்டத்திலிருந்து உள்ளே வருகிறேன், கூடத்தில் மூன்று கம்பளிப் போர்வை, ஒரு லாந்தர், குழந்தையின் குல்லாய். எங்கே பயணம் என்றேன். ஏழாம் நம்பர் குடிலுக்கு என்றாள்.

"அது போயிடுச்சே!"

"போச்சு. எனக்குத்தான் போச்சு. ஹேசலுக்குப் பால் குடுத்துக்கிட்டே போன்ல தட்டினேன். ஒரு கைதான் காலியா இருந்துச்சு, அதான் கடைசி நிமிஷம் வரைக்கும் ஆயிடுச்சு."

ஆறு மாதமாக நான் வாழ்த்திக்கொண்டிருந்தது இவளைத்தான்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. கிடைக்கலைன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் 'அப்படியா'ன்னேன்."

கோரின் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பொய் சொல்லவே மாட்டாள். எதையெல்லாம் சொல்லாமல் இருக்கலாம் என்பதும் அங்கே பாடத்தில் உண்டு போலிருக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள், நான் தக்காளிக்குக் காவல் இருக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் குல்லாயை மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"போன ஜூலைல கரண்ட் போன ராத்திரி, இவளுக்கு ஆறு வாரம். ஈரத்துணியால துடைச்சுட்டு, மூச்சு வருதா வருதான்னு விடியிற வரைக்கும் மூக்குகிட்ட விரலை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். இன்னொரு தரம் என்னால அப்படித் தனியா உக்கார முடியாதுங்க."

அந்த ராத்திரி நான் வாளி வாளியாகச் செடிகளுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தேன்.  போய்க் காரில் சாமான் ஏற்றினேன்.

ஏற்றும்போதுதான் புது யோசனை உதித்தது. மிகச் சிறந்த மூன்று பழங்களைப் பறித்து, ஒவ்வொன்றையும் ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டு, முட்டை அட்டைப்பெட்டியில் உட்காரவைத்து, என் பைக்கு அடியில் ஒளித்தேன். புதன்கிழமை விடியலில் விறகு வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால், நாலு மணி நேரத்தில் கண்காட்சி. பழத்தைக் கொடுத்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். விறகு வாங்க எட்டு மணி நேரம் எப்படி ஆகும் என்பதைத் திரும்பி வரும் வழியில் யோசித்துக்கொள்ளலாம்.

திங்களும் செவ்வாயும் நான் பிளந்தேன், சமைத்தேன், அலசினேன். அலசினது எதுவும் அந்தப் பனியில் காயவில்லை, இன்னும் ஈரமாயிற்று. ஆனால் ஹேசல் தூங்கினாள். ஊரில் வெயில் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் சிணுங்கிக்கொண்டே இருந்த குழந்தை, போர்வைக்குள் சுருண்டு, பெரிய மனுஷிபோல் குறட்டை விட்டாள். பக்கத்தில் கோரினும் தூங்கினாள். அவள் விரல் குழந்தையின் மூக்குப் பக்கம் போகவே இல்லை.

புதன்கிழமை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பூனைபோல் பையைத் துழாவினேன். முட்டைப்பெட்டி இல்லை. குடிலின் முன்புறத்தில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பனிக்கு நடுவே கோரின் மடியில் ஹேசல். குல்லாய் காதில். தாடை, கழுத்து, ஸ்வெட்டர் எல்லாம் சிவப்பு.

"இவளுக்குத்தானே பத்திரமா சுத்திக் கொண்டுவந்தீங்க?" என்றாள் கோரின். "எனக்குக்கூடத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கீங்க. எத்தனை நாள் கழிச்சு இப்பதான் வாய் திறந்து சாப்பிடுறா, பாருங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பா இல்லையா என்று கண்டுபிடிக்கிற திறமை எனக்குக் கிடையாது. ஆமாம், இவளுக்காகத்தான் என்று என் வாயே சொல்லிற்று.

ஏழு வருஷத்தில் முதல்முறையாக என் பழங்களை ஒரு நடுவர் முழுசாக ருசி பார்க்கிறார்.  வாசல் பலகையில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறதாம் என்று கேட்டேன்.

"ரெண்டு முழுசாத் தின்னுட்டா" என்றாள் கோரின். "மூணாவதைத்தான் தூ தூன்னு துப்பறா. ஏங்க, வெர்ன் தன்னோட தக்காளிக்கு என்ன உரம் போடுறாருன்னு ஒரு தரம் கேளுங்களேன்."