கொச்சிக்கு ரெண்டே டிக்கெட்

அரிசி டப்பாவில் ஒளித்து வைத்த காகிதம் அக்கா மஹீன் கையில் மாட்டிக்கொண்டது. ஒரு படி அரிசி வாங்க வந்தவள், டப்பாவுக்குள் கையை விட்டு அரிசியோடு அதையும் சேர்த்து அள்ளிவிட்டாள்.

"முதல் நாள், கொச்சி மீன் வலை, படகுத்துறை. ரெண்டாம் நாள், ஆலப்புழா போட் சவாரி. மூணாம் நாள், அதிரப்பள்ளி அருவி," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாள். "இது என்னடா அயூப்?"

அயூப் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஆறடிக் கண்ணாடியைத் தனி ஆளாகத் தூக்குவான். அக்கா கையிலிருந்து ஒரு காகிதத்தைப் பிடுங்க மட்டும் தைரியம் வராது. அடுப்படியில் நின்ற மனைவி ஹஃபீசாவைப் பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இன்றுவரை இரண்டு பேராக வேளச்சேரி தாண்டியதில்லை. கல்யாணமான புதிதில் ஏற்காடு கிளம்பினார்கள். "புது ஜோடிக்கு வழி தெரியாது" என்று அக்கா வீட்டுக்காரர் அஸ்கர் குடும்பத்தோடு துணைக்கு வந்துவிட்டார். அப்புறம் ஊட்டி. பதினேழு பேர் போனார்கள். ஊட்டி எப்படி இருந்தது என்று கேட்டால், லாட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்து அரிந்த ஆறு கிலோ வெங்காயத்தைப் பற்றித்தான் ஹஃபீசா இன்றைக்கும் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. அயூபின் தம்பி முதாசிர் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாதம் ஒருமுறை வேலையாகக் கொச்சி போய் வருவான். அங்கிருந்து அவன் கொண்டுவந்து மாட்டிய 2006-ஆம் வருஷக் காலண்டரில், கடலோரம் பெரிய பெரிய வலைகள் தொங்கும் படம்.

"இத ஒருவாட்டி நேர்ல பாக்கணுங்க. நாம ரெண்டு பேர் மட்டும்," என்றாள்.

மே மாத லீவில் பிள்ளைகள் இரண்டும் பொத்தேரிச் சித்தி வீட்டுக்குப் போனதும் கூட்டிப் போகிறேன் என்று அயூப் வாக்குக் கொடுத்துவிட்டான். மூன்று நாள், மூன்று ஊர், இரண்டே பேர். அந்தத் திட்டம்தான் இப்போது அக்காவின் கையில் அரிசி மாவு அப்பிக்கொண்டு கிடந்தது.

"கொச்சில ஒரு வேலை இருக்குக்கா."

"என்ன வேலை? அருவிக்குக் கண்ணாடி மாட்டப் போறியா?"

அயூபுக்கு மூளைக்கு முன்னால் வாய் ஓடும். "முதாசிருக்கு ஒரு பொண்ணு பாக்கப் போறோம்," என்றது வாய்.

சொன்ன பிறகு யோசித்துப் பார்த்ததில், பொய் ஒன்றும் மோசமில்லை என்றே அவனுக்குப் பட்டது. முதாசிர் மூன்று வருஷத்தில் எட்டுப் பெண்களை வேண்டாம் என்றிருக்கிறான். போட்டோவைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஒன்பதாவதையும் வேண்டாம் என்பான். கதை முடிந்தது, தாங்கள் இரண்டு பேரும் ஊரைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம்.

"எந்த இடம்? யாரு?" என்றாள் மஹீன்.

அயூபின் கண் சுவரில் அலைந்தது. காலண்டரின் அடியில் ஏதோ மலையாளம், அதன் கீழே கடைக்காரரின் ஊரும் தொழிலும் இங்கிலீஷில் இருந்தன. அப்படியே ஒப்பித்தான். "மட்டாஞ்சேரி. மிளகு, ஏலக்காய் வியாபாரம்."

கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முதாசிருக்குப் புரையேறியது. ஹஃபீசா ஓடிப்போய்த் தலையில் தட்டினாள். கண்ணெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, அவன் அண்ணனையே பார்த்தான்.

"சரிண்ணா," என்றான். "போய்ப் பாக்கலாம்."

உள்ளறையிலிருந்து அம்மா வந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருஷமாகக் கடைசிப் பிள்ளையை நினைத்துத் தூக்கம் கெட்டவர். அவர் அழுவதைப் பார்த்ததும் அயூப் பார்வையை மறுபடி காலண்டருக்கே திருப்பினான்.

சமாளித்துக்கொண்டு சொன்னான்: "முதல்ல நானும் ஹஃபீசாவும் மட்டும் போய் விசாரிச்சுட்டு வரோம்மா."

"பெத்தவ இல்லாம பொண்ணு பாக்கறதா? ஊரு சிரிக்காது?" என்றாள் மஹீன். "அம்மா வந்தா, அம்மாவப் பாத்துக்க நானு. நான் வந்தா உன் மச்சான் இங்க தனியா சமைச்சுத் தின்னுவாரா?"

ஆக, இரண்டு ஐந்தானது. மாப்பிள்ளையாகப்பட்ட முதாசிரைச் சேர்த்தால் ஆறு.

இடத்தை மட்டம் தட்டினால் தானாகக் கழன்றுகொள்வார்கள் என்று அயூப் அடுத்த நாள் கணக்குப் போட்டான்.

"பொண்ணு எம்எஸ்ஸி. நம்ம பையன் வெறும் டிப்ளமா. சரிப்பட்டு வராதும்மா."

"படிச்ச பொண்ணா? நம்ம வீட்டுக்கு வெளிச்சம்டா," என்று அம்மா நன்றி சொல்லி இரண்டு ரக்அத் நஃபில் தொழப் போய்விட்டார்.

"அதுவும் இல்லாம பொண்ணுக்கு அஞ்சு அண்ணன்மாரு மச்சான். எல்லாம் முரட்டு ஆளுங்க," என்று அஸ்கரிடம் போட்டுப் பார்த்தான்.

அஸ்கர் பயந்துவிடுவார் என்று எதிர்பார்த்தது அயூபின் தப்பு. அவர் மீசையைத் தடவினார். "அஞ்சு பேர் எதிர்ல நான் ஒருத்தன் போய் நின்னா நமக்கு என்ன மரியாதை? ஆள் சேக்கணும்."

சேர்த்தார். தன் தம்பிகள் இருவரை. அயூபின் கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஜெயவேலுவை. அவர் மனைவி சாமுண்டீஸ்வரியை. ஜெயவேலு பீர்க்கன்கரணையில் நெல் போட்ட நிலத்தில் இப்போது வரிசையாகக் கடைகள் போட்டிருப்பவர். கண்ணாடிக் கடைக்கே வந்து அயூபின் தோளைத் தட்டினார்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப எங்கிட்ட சொல்லாம போலாம்னு பாத்தியா? இன்னா பாய் நீ. நானும் சாமுவும் வந்துகினே கீறோம். பொட்டி கட்டியாச்சு."

அயூப் கடைசியாக நம்பியிருந்தது ரயில்வேயை. மே மாதம், பத்துப் பேருக்குக் கொச்சிக்கு டிக்கெட் கிடைத்தால் அது அதிசயம். "டிக்கெட் கிடைக்கலன்னா விட்டுடலாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று எல்லோரிடமும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லி வைத்தான்.

விடிவதற்கு முன் தாம்பரம் கவுண்டரில் முதல் ஆளாகப் போய் நின்று, பத்து டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு வந்தான் முதாசிர். வேலை நேரம் தவிர நாற்காலியை விட்டு அசையாதவன். கொச்சியில் தனக்குத் தெரிந்தவர் மூலம் வேனுக்கும் சொல்லிவிட்டதாக வேறு சொன்னான்.

அன்றைக்கு மாடியில் துணி காயப்போடும்போது ஹஃபீசா மெதுவாகக் கேட்டாள். "இல்லாத பொண்ண எங்கருந்து காட்டப் போறீங்க?"

"அங்க போய் ஏதாவது சொல்லிக்கலாம்."

"அத்தைக்கு நெஞ்சு தாங்காதுங்க. புதுப் புடவைக்கு ஃபால்ஸ் தச்சிட்டிருக்காங்க." ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். "நான் ஒரு வலையப் பாக்கணும்னு சொன்னேன். அதுக்கு இவ்வளவா?"

அயூபுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் கேட்ட ஒன்றே ஒன்றை அவன் தன் வாயாலேயே கெடுத்திருந்தான்.

ரயிலில் புளிச்சோறும் அவித்த முட்டையும் சுற்றி வந்தபோது முதாசிர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணா, ரொம்ப தேங்க்ஸ்."

"எதுக்குடா?"

"எல்லாத்துக்கும்."

அயூபுக்குத் தொண்டையில் முட்டை நின்றது.

எர்ணாகுளத்தில் இறங்கி, லாட்ஜில் குளித்து, பத்துப் பேரும் பளபளவென்று தயாரானார்கள். பாக்ஸ் பாக்ஸாக ஸ்வீட், இரண்டு சீப்பு வாழைப்பழம், ஐந்து முழம் மல்லிகை. சாமுண்டீஸ்வரி தன் பங்குக்குக் குங்குமச் சிமிழை எடுத்து, யோசித்து, மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"பொண்ணு வீட்டுக்கு ஒரு போன் போடுடா," என்றார் அஸ்கர்.

அயூப் நோக்கியாவைக் காதில் வைத்து, யாருமில்லாத போனிடம் பேசினான். "அப்படியா... ஓகோ... சரிங்க." போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "எல்லாரும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்காங்களாம். வர நாலு நாளாகுமாம். நம்ம நேரம் சரியில்ல."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் அஸ்கர். "ஆளு இல்லாதப்பதான் அக்கம்பக்கத்துல உண்மையச் சொல்லுவான். வீட்ட வெளியேருந்து பாத்துட்டு, நாலு பேர்கிட்ட விசாரிச்சுடுவோம்."

"கரெக்டு," என்றார் ஜெயவேலு. "எங்க பொண்ணுக்கு அப்பிடித்தான் பாத்தோம். பையன் தண்ணி போடுவான்னு பொட்டிக்கடைக்காரன்தான் சொன்னான்."

முதாசிர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "இல்லண்ணா, வீட்ல இருப்பாங்க. போயே பாத்துடலாம்."

பையன் எவ்வளவு ஆசையாக இருக்கிறான் என்று அயூப் நொந்துகொண்டான்.

வேன் கிளம்பியது. முதாசிர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அயூபுக்கும் ஹஃபீசாவுக்கும் வழக்கம்போலக் கடைசி சீட், மடியில் வாழைப்பழம். கடற்கரைச் சாலையில் வேன் திரும்பியபோது, அஸ்கரின் தலைக்கும் ஜெயவேலுவின் தலைக்கும் நடுவே இரண்டு வினாடி அந்த வலை தெரிந்தது. தண்ணீரிலிருந்து மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"அதோ," என்றாள் ஹஃபீசா. அப்புறம் தலைகள் மறைத்துவிட்டன. "பாத்துட்டேங்க. போதும்."

அந்தப் 'போதும்' அயூபைப் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான், அம்மா காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். அதற்குள் வேன் இடது பக்கம் ஒரு சந்தில் நுழைந்து, வலது பக்கம் திரும்பி, மிளகு வாசனை மூக்கைத் துளைக்கும் ஒரு தெருவில், பச்சை கேட் போட்ட வீட்டு முன்னால் தானாகவே நின்றது.

"இந்த வீடாடா?" என்றாள் மஹீன்.

பத்து முகங்களில் எட்டு முகங்கள் அயூபைத் திரும்பிப் பார்த்தன. அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அயூபுக்கு உண்மை வாயில் வரவில்லை. கடைசி நிமிஷத்தில் ஒரு யோசனைதான் வந்தது. கதவைத் தட்டுவோம். யார் நீங்கள் என்று கேட்பார்கள். விலாசம் தப்பு, புரோக்கர் ஏமாற்றிவிட்டான் என்று தலையில் கை வைத்துவிடலாம். இல்லாத புரோக்கரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்.

"ஆமாக்கா. இந்த வீடுதான்," என்று இறங்கினான். துணைக்கு ஹஃபீசாவும் இறங்கினாள். ஸ்வீட் பாக்ஸை அணைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, அயூப் கதவைத் தட்டினான்.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். அயூபைப் பார்த்தார், ஹஃபீசாவைப் பார்த்தார், பின்னால் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மலையாள வாடை வீசும் தமிழில் சொன்னார்:

"வாங்க அயூப் பாய், எங்க பொண்ணு சோயா விஷயத்த வீட்ல சொல்லு சொல்லுன்னு உங்க தம்பிகிட்ட மூணு வருஷமா முட்டிக்கிட்டேன், பயந்துக்கிட்டு வாயே திறக்கல, நீங்களே கண்டுபிடிச்சு எல்லாரையும் கூட்டிட்டு வந்து நிக்கிறீங்களே, இனி பேச வேண்டியத பெரியவங்க நாங்க பேசிக்கிறோம், எப்படியும் மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் நீங்களும் தங்கச்சியும் மட்டும் போய் எங்க ஊரச் சுத்திப் பாருங்க."