கொல்லைப்புறத்தில் எனக்கொரு அறை

வீட்டை விட்டு வெளியேறுவது என்று முடிவு செய்துவிட்டேன். ரொம்ப தூரமெல்லாம் இல்லை. கொல்லைப்புறம் வரைக்கும்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். பெயர் குழந்தைசாமி. மூன்று மாதத்துக்கு முன்னால் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே மாட்டலாம் என்று என் மனைவி சுடர்விழியைக் கேட்டேன். "அதான் ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்குல்ல" என்றாள். கடிகாரம் கட்டிலுக்கு அடியில் போனது. அடுத்தது நான்தான் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பியே பழகிய மனுஷன். எந்தச் சாமான் எங்கே இருக்கும் என்று தெரியாது. எந்த நேரத்தில் எங்கே உட்காரக் கூடாது என்றும் தெரியாது. கூடத்தில் உட்கார்ந்தால் விளக்குமாறு வரும். கொடிக்குக் கீழே நின்றால் ஈரத்துணி வரும். அடுக்களை வாசலில் நின்றால் சுடர்விழியே வருவாள்.

"ஏங்க, நிலையில நிக்காதீங்க. ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க."

படியில் நிற்காதே என்று லட்சம் பேரை விரட்டியவன் நான். எனக்கே இது!

"சும்மாதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்படி என்னத்தப் பாக்குறீங்க? வெங்காயம் டிக்கெட் எடுக்காம ஏறிருச்சா?"

"இல்ல... இன்னும் கொஞ்சம் பொடியா நறுக்கினா..."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நான் கொல்லைக்குப் போய்விட்டேன்.

உள்ளதைச் சொன்னால், வலித்தது. ஒரு நாள் நான் லீவு போட்டால் மறுநாள் பஸ்ஸில் நாலு பேர் விசாரிப்பார்கள். இங்கேயோ இந்த மனுஷன் ஒரு நாள் எங்கேயாவது தொலைந்தால் தேவலை என்று ஒருத்தி நினைக்கிறாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அறுபது வயதில் சொந்த வீட்டில் கால் நீட்ட இடம் இல்லை. ஆகவே எனக்கென்று ஓர் அறை கட்டிக்கொள்வது. அங்கே நான் உட்கார்ந்தால் யாரும் எழுப்பக் கூடாது. என் ஃபேன், என் பேப்பர், என் ரேடியோ. கட்டப்போவது என் கை.

மரத்துக்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். எங்கள் ஊர் அய்யப்பனின் டைல்ஸ் கடைக்குப் பின்னால் மலைபோல் பேலட் கிடந்தது. பெரிய பெரிய டைல்ஸும் கண்ணாடியும் வந்திறங்கும்போது அடியில் இருக்குமே, இடைவெளி விட்டுப் பலகை அடித்த மரத்தட்டு, அதற்குத்தான் பேலட் என்று பெயர். டீக்கடைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பேலட்டை வைத்து வெள்ளைக்காரன் ஒருவன் மாடிவீடே கட்டுவதை நான் போனில் பார்த்திருந்தேன்.

"எடுத்துக்கங்க கண்டக்டரண்ணே, இடம் காலியானாச் சரி" என்றான் அய்யப்பன். லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்கினேன். சுடர்விழி பார்த்துவிட்டு ஆடித் தீர்ப்பாள் என்று பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"என்னங்க இது?"

"எனக்கு ஒரு ரூம் கட்டப்போறேன். தனியா. கொல்லையில."

அவள் கட்டையைப் பார்த்தாள். கொல்லையைப் பார்த்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கட்டுங்களேன்" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தால் சந்தேகப்பட வேண்டாமா? நான் படவில்லை. என்னை அனுப்பி வைக்க இத்தனை அவசரமா என்று மனசு கசந்ததோடு சரி.

கொல்லையில் காலியாக இருந்த ஒரே இடம் முன்பு அவளுடைய ஆடுகள் நின்ற இடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நெஞ்சுவலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தேன். அவள் என் கட்டிலை விட்டு நகரவில்லை. ஆடுகளைப் பார்க்க ஆளில்லாததால், பக்கத்து வீட்டில் சொல்லி, கேட்டவர்களுக்கு விற்றுவிட்டாள். நான் பிழைத்து வந்ததும், "ஒனக்கு வேற ஆடு வாங்கித் தாரேன், நல்ல கொட்டிலும் கட்டித் தாரேன்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்ததோடு சரி. அவளும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டாள் போல என்று நினைத்து நானும் நிம்மதியாக இருந்தேன்.

பேலட்டைப் பிரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதில் அடித்திருப்பது முறுக்காணி. உள்ளே போனது வெளியே வராது. கடப்பாரையை நுழைத்து நெம்பினேன். பலகை படார் என்று பிளந்தது. ஆணி அசையவில்லை. முதல் நாள் பொழுது சாய்வதற்குள் நாலு பேலட்டை வெற்றிகரமாக விறகாக்கியிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்னண்ணே, யாருக்கு வெந்நி போடுறீங்க?"

"ரூம் கட்டுறேன்ப்பா."

"ஓகோ. முடிஞ்சதும் சொல்லுங்க, தீப்பெட்டி எடுத்தாரேன்."

மறுநாள் சுடர்விழி ஆக்சா பிளேடோடு வந்தாள். "நெம்பாதீங்க. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவுல பிளேடை விட்டு ஆணிய அறுங்க. பலகை தானா வந்துரும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க போன்லதான் பாத்தேன். நீங்க மாடிவீட்டப் பாக்குறீங்க, ஆணி அறுக்குறதப் பாக்க மாட்டேங்குறீங்க."

அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள நான் அறுத்தேன். பத்து ஆணிக்கு ஒரு தரம், "போதும், மூச்சு வாங்குது, உக்காருங்க" என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். தலைமுடியெல்லாம் மரத்தூள். முப்பத்திரண்டு வருஷத்தில் பட்டப்பகலில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தனி அறை கட்டும்போது அவள் பக்கத்தில் இருந்தது எவ்வளவு நன்றாக இருந்தது!

இடையில் மூன்று நாள் மட்டும் மகளிர் குழுவோடு பக்கத்து ஊரான வம்பனுக்கு ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தாள். தையலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வந்தபிறகுதான் யோசனை சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, தரையோட கட்டாதீங்க. நம்ம ஊருச் செம்மண்ணுல கரையான் ஒரே வாரத்துல தின்னுபுடும். கல்லுக்கால் ஊணி, இடுப்பு ஒசரத்துல தளம் போடுங்க."

"இடுப்பு ஒசரத்துக்கா? நான் என்ன சோளக்கொல்லைக்குக் காவலா?"

"மழை பேஞ்சா இங்கிட்டுத் தண்ணி நிக்கும்ல. பூச்சி பொட்டு வேற வரும். தரையில படுத்திருந்தா எனக்குத்தான் பகீர்னு இருக்கும்."

என்மேல் எவ்வளவு அக்கறை! கல்லுக்கால் ஊன்றினேன்.

"பலகைய நெருக்கி அடிக்காதீங்க. ஒரு வெரல் இடம் விடுங்க."

"ஏன்?"

"கீழருந்து காத்து வரும். குப்பையும் தானா விழுந்துரும். தெனம் நான் வந்து கூட்டணுமா?"

அதுவும் நியாயம்தான். ஒரு விரல் விட்டேன்.

"படி வேணாங்க. ஒங்களுக்கு முட்டிவலி. பலகையச் சாய்வாப் போட்டு, குறுக்க குறுக்கச் சட்டம் அடிச்சா வழுக்காம ஏறலாம்." போட்டேன். "ஓரமா முட்டி ஒசரத்துல நீளமா ஒரு தொட்டி மாதிரி அடிங்க. பேப்பர், கண்ணாடி, மாத்திரை எல்லாம் போட்டு வைக்கலாம்." அடித்தேன். "முழுக் கதவு எதுக்கு? பாதிக் கதவு போதும், மேல காத்து வரட்டும்." அதுவும் ஆயிற்று.

அளவு விஷயத்தில் மட்டும் நான் எட்டடி என்று பிடிவாதமாக நின்றேன். அவள் தினசரிக் காலண்டரைக் கொண்டுவந்து பின்பக்கம் மனையடி சாஸ்திரத்தில் விரல் வைத்தாள்.

"பத்தடின்னா பெருகும்னு போட்டிருக்கு."

"என்ன பெருகும்?"

"பெருகும்னா எல்லாந்தான். எதுக்கு நோண்டுறீங்க?"

நானே படித்துப் பார்க்கலாமென்றால் என் மூக்குக்கண்ணாடி கூடத்தில் இருந்தது. எழுந்து போய் எடுத்துவரச் சோம்பலாக இருந்தது. பத்தடியே வைத்தேன். கூரைக்குக் கஜா புயலில் எங்கிருந்தோ பறந்துவந்து எங்கள் கொல்லையில் விழுந்த தகரம் இருந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே பழைய இன்ஜின் ஆயிலைப் பூசினோம். முப்பத்தைந்தாவது நாள், கறுகறுவென்று, கால்மேல் நின்றது என் அறை. பழனிச்சாமி சுற்றிச் சுற்றி வந்தான். தீப்பெட்டிப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே குடிபோய்விடுங்கள் என்றாள் சுடர்விழி. காலையிலேயே அன்றைய பேப்பரைத் தொட்டியில் போட்டு வைத்துவிட்டு, டேபிள் ஃபேன் வாங்கப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அறையின் நீள அகலத்தை விளக்கினேன். இறங்க வேண்டிய இடத்தில் ஒரு அம்மாள் இறங்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ஃபேனும் கையுமாகக் கொல்லைக்குள் நுழைந்தேன்.

என் அறையில் ஐந்து வெள்ளாடுகள் இருந்தன.

ஒன்று சாய்வுப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தது. வழுக்கவில்லை. ஒன்று பாதிக் கதவுக்கு மேலே தலையை நீட்டி, யார் நீ என்பதுபோல் என்னைப் பார்த்தது. இன்னொன்று தொட்டியில் கிடந்த பேப்பரில் தலையங்கம் வரைக்கும் தின்றிருந்தது. சுற்றிலும் மகளிர் குழு.

"அண்ணே, எம்புட்டு நேர்த்தியாக் கட்டியிருக்கீங்க!" என்றாள் குழுத் தலைவி மூக்காயி. "பயிற்சியில காட்டின படத்துல கூட இம்புட்டு நல்லா இல்ல. புழுக்கையெல்லாம் இடுக்கு வழியாக் கீழ விழுந்துரும். குழுக் கடன்ல வாங்குன ஆட்டுக்குக் கால்ல ஈரம் படாது. சீக்கு அண்டாது. அந்த ஏத்தப் பலகையும் தீவனத் தொட்டியும் பாருங்கடி, அளவெடுத்தாப்புல!"

"தீவனத் தொட்டியா? அது என் மாத்திரைக்கு..."

யாரும் கேட்கவில்லை. சுடர்விழி அவர்களிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாம் எங்க வீட்டுக்காரரு யோசனதான். கட்டுனா இப்படித்தான் கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நெஞ்சுவலிக்காரரு, சொன்னாக் கேக்கணுமே!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் ஃபேனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர்கள் போனதும் அடுக்களைக்குள் போனேன். வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளேயே போனேன்.

"சுடரு, இது அநியாயம்."

"எது?"

"ஆடு வேணும்னா, கொட்டில் கட்டித் தாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நீங்களே சொன்னீங்க. கட்டுனீங்களா?"

கையிலிருந்த ஃபேனை ஓரமாக இறக்கி வைத்தேன்.

"கொட்டில்னு சொல்லியிருந்தா இன்னும் மூணு வருசம் நாள் பாப்பீங்க. ஒங்க ரூம்னதும் முப்பத்தஞ்சு நாள்ல முடிச்சிட்டீங்க பாத்தீங்களா?"

இதற்கு யாராவது பதில் வைத்திருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

"சரி, அது போகட்டும்" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "எனக்குன்னு ஒரு எடம் வேணாமா? எங்கன உக்காந்தாலும் தள்ளுங்கங்கிற. ஒனக்கும் நான் தொந்தரவாத்தானே இருக்கேன். அதான் கொல்லையில போயி..."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். கண்ணில் ஏதோ இருந்தது. வெங்காயம் அன்றைக்கு நறுக்கவில்லை.

"நான் தள்ளுங்கன்னு சொன்னா, அந்தப் பக்கம் தள்ளி உக்காரணும். தனி வீடு கட்டிக்கிட்டா போவாக? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து விடிஞ்சாப் போவீங்க, பொழுதடைஞ்சா வருவீங்க. பகலெல்லாம் யாருகூடப் பேசுனேன் நான்? ஆட்டுக்கூடத்தான் பேசுனேன். ஆஸ்பத்திரியில அந்த இருபது நாளும் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? இந்த மனுசன் எந்திரிச்சு வந்து எங் கண்ணு முன்னால குறுக்க மறுக்க நடந்தாப் போதும்னுதான். இப்பத்தான் பகல்ல வீட்டுல ஆள் இருக்கு. அதுக்குள்ள இவருக்குத் தனி ரூம் வேணுமாம்."

"பெறகு எதுக்கு விரட்டுன?"

"எனக்கும் பழக்கமில்லைல. இம்புட்டு நாளும் வீட்டுல நான் ஒருத்திதானே."

தரையில் அப்படியே உட்கார்ந்தேன். அவள் தள்ளச் சொல்லவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போய் உப்பை எடுத்தாள். இந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை என்று முப்பத்தைந்து நாள் ஆணி அறுத்த என் புத்தியை என்ன சொல்வது!

"சுடரு, இனிமே தனி ரூம்ங்கிற பேச்சே எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"ஒன்மேல சத்தியமா. நீ என்ன சொன்னாலும் செய்யிறேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மிச்சம் கெடக்குற பலகையில ஒரு கோழிக்கூண்டு அடிச்சிருங்க. நாளைக்குக் காலையில பதினஞ்சு கோழி வருது."