மகானுக்கும் ஒரு தட்டு

செம்புச் சுரங்கத்தை மூடியபோது ஊர் காலியானது. மகான் வந்ததும் நிரம்பி வழிந்தது. சுரங்கம் ஓடிய காலத்தில்கூட அந்தச் சாலையில் இத்தனை வண்டிகள் நின்றதில்லை. பழைய வெடிமருந்துக் கிடங்குதான் மகானின் இருப்பிடம். பொருத்தமான இடம்தான்.

மகானின் மூலதனம் ஒரு கல். மயில் கழுத்து நீலம், கண்ணாடிப் பளபளப்பு. "மலையோட வயித்துல தானா விளைஞ்சது. எனக்கு மட்டும்தான் குடுக்கும்" என்பார். விளைவது என்னவோ உண்மை. செம்புத் தாதுவில் ஈரமும் காற்றும் பட்டுச் சுவரில் கசிந்து, பிறகு காய்ந்தால் இந்தக் கல் பூக்கும். தண்ணீர் பட்டால் சர்க்கரையாகக் கரைந்துவிடும். அதனால்தான் உலர்ந்த மூலை முடுக்கு தவிர வேறெங்கும் தங்காது, அபூர்வம். அந்த அபூர்வம் மகானிடம் கூடை கூடையாக இருந்தது. மழை நாளில் மட்டும் அவர் வெளியே வரமாட்டார். தியானமாம்.

பக்தர் பெயரைச் சொல்லிக் கல்லைத் தட்டில் வைத்துக் கரியடுப்பில் ஏற்றுவார்கள். பெயருக்கு உரியவர் பாவி என்றால் கல் வெளுக்கும். புண்ணியவான் என்றால் நீலமாகவே நிற்கும். இதுவரை வெளுக்காத பெயரே இல்லை. ஊரில் இத்தனை பாவிகள் இருந்தது போலீசுக்குக்கூடத் தெரியாது. பிறகு மகான் வெள்ளிக் குப்பியிலிருந்து சில துளி தீர்த்தம் தெளிப்பார். 'உஸ்' என்று சத்தம். வெள்ளைப் பொடி மறுபடி நீலமாகும். மன்னிப்பு! காணிக்கைக் கூடை நிறையும். அந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தால் வியாதியும் போகும்.

குடித்தவர்கள் வாந்தி எடுத்தார்கள். "பாவம் வெளியேறுது" என்றார் மகான். அப்புறம் என்ன, வாந்தியிலும் போட்டி வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்கு மூணு தடவை வந்துச்சு, தெரியுமா?" என்று பெருமையடித்தாள் மேஸ்திரியின் மனைவி. சுரங்கத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்த மேஸ்திரிக்கு வயிற்று வலி. இரண்டு வாரமாக நீலத் தண்ணீர் குடித்துக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக் குவளை குடித்தால் பூரண குணம் என்பது மகானின் உத்தரவு.

அவர்களுடைய மருமகள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் மாமியாரைத் தனியே அழைத்தாள்.

"அத்தை, இது விஷம். இன்னொரு குவளை போச்சுன்னா மாமா நமக்கு இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"உன் நாக்குல நல்லதே வராதா? மகான்கிட்ட போயி சொல்லு, பாப்போம்!"

"சொல்றேன்" என்றாள் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை, கிடங்குக்கு முன்னால் அடித்திருந்த கூடாரத்தில் எள் போட இடமில்லை. மேஸ்திரி குவளையைக் கையில் வாங்கிவிட்டார். மருமகள் எழுந்தாள்.

"ஐயா, குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. மாமா பேருக்கு ஒரு தட்டு வச்சீங்க. உங்க பேருக்கும் ஒரு தட்டு வைங்க. நீங்க புண்ணியவான், நீலமாவே நிக்கும். நாங்களும் கண்ணால பாத்துக்குவோம்."

கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. "வைங்க சாமி, வைங்க!" என்று பக்தர்களே கத்தினார்கள். மகானுக்கு வேர்த்தது. தட்டு அடுப்பில் ஏறியது. கல் வெளுத்தது. பாவி மேஸ்திரியின் கல்லைவிடச் சீக்கிரமாகவே வெளுத்தது. அடுப்பில் கரி கூடுதல்.

மகான் சளைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "உங்க எல்லாரோட பாவத்தையும் நான்தானே சுமக்குறேன்!"

கைதட்டல் கூடாரத்தைத் தூக்கியது. மேஸ்திரியின் மனைவி அழுதேவிட்டாள்.

மருமகள் வாசலில் கால் கழுவ வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு கை அள்ளித் தெளித்தாள். 'உஸ்.' நீலம்!

"கால் கழுவுன தண்ணியும் மன்னிக்குதே, ஐயா?"

"என் பார்வை பட்ட தண்ணி அது!"

அதற்கும் கைதட்டினார்கள், கொஞ்சம் குறைவாக. மேஸ்திரி குவளையை உதட்டருகே கொண்டுபோனார். மருமகள் கூடாரம் அடித்தவரிடம் புது ஆணி ஒன்றைப் பிடுங்கி, மாமனாரின் குவளைக்குள் போட்டாள்.

"மாமா, ஒரு நிமிஷம். இதை மட்டும் பாருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

மேஸ்திரி பார்த்தார். பளபளத்த இரும்பு ஆணி மெல்லச் சிவந்தது. செம்பு படிந்துகொண்டிருந்தது. அவர் முகம் மாறியது. சுரங்கத்தின் கழிவு ஓடையில் பழைய இரும்பைக் கொட்டிச் செம்பை வழித்தெடுப்பது அவருடைய வேலைதானே! பூட்ஸ் ஆணியைக்கூட அரித்துத் தின்னும் தண்ணீர் அது. கையில் பட்டால் உடனே கழுவு என்று ஆட்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியவரும் அவரே.

"அடப்பாவிகளா!" என்று கத்தினார். "இது நம்ம ஓடைத் தண்ணிடா! கைய நனைக்கக் கூசுனதையா இத்தனை நாளாக் குடிச்சிருக்கேன்?"

கூட்டத்தில் பாதிப் பேர் பழைய சுரங்க ஆட்கள். ஒவ்வொருவராக வந்து குவளைக்குள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை.

மருமகள் குவளையை மகானிடம் நீட்டினாள். "சுமக்குற பாவம் கொஞ்சம் வெளியேறட்டும். குடிங்க."

மகானுக்குத் திடீரென்று தியான வேளை வந்துவிட்டது. உள்ளே போனவர் பின்வாசல் வழியாக வெளியேறினார். கிடங்குக்குள் வரிசையாக வாளிகள், வாளிகளில் நூல், நூலில் பாதி வளர்ந்த கற்கள். மூலையில் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் மயில்துத்தம், அதே நீலச் செம்பு உப்பு, மூட்டை மூட்டையாக. மலையின் வயிறு அவ்வளவுதான்.

மேஸ்திரியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டார். வண்டியில் அவர் மனைவி மருமகளின் கையை விடவே இல்லை. ஆனாலும் கேட்டாள்: "அப்ப நம்ம பாவத்தையெல்லாம் இனிமே யாரு பாப்பாங்க?"

அடுத்த ஊரில் வேறு நிறக் கல்லோடு ஒருவர் வந்திருக்கிறாராம். இங்கிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பிவிட்டன. போகிறவர்கள் போகட்டும், சட்டைப் பையில் ஓர் ஆணியாவது எடுத்துப் போகட்டும். மூளையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அதுவாவது உதவும்.