மாப்பிள்ளையின் ஆம்ப்ளிபயரைக் குளிப்பாட்டினேன்

எனக்கு அழுக்கோடுதான் நன்றாகப் பேச வரும். மனிதர்களோடு வராது. இரண்டு பேர் எதிரில் வந்து நின்றாலே தொண்டையில் உமி ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதே நான், ஒரு கரிபிடித்த குண்டானைக் கண்டால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாடி, ஒன்னைப் பாத்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிடுவேன். இந்த இரண்டு குணமும் ஒரே வாரத்தில் ஒன்றுசேர்ந்து என் மானத்தை வாங்கின.

என் ஒரே மகள் வசந்தியின் வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. தங்கமான பிள்ளை. ஆனால் கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் அவரிடம் பேசியது "வாங்க", "சாப்பிடுங்க", "இன்னும் கொஞ்சம்" என்கிற மூன்றுதான். மாமியார் மாப்பிள்ளை எதிரில் நிற்கக்கூடாது என்பதையெல்லாம் இப்போது எங்கள் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. நான் மட்டும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவேன் (எனக்கு வசதி).

மாப்பிள்ளைக்குப் பழைய பாட்டுப் பெட்டிகள் மேல் உயிர். ஏதோ ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரை இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவர், கடைசியில் மயிலாடுதுறையில் ஒரு வக்கீல் வீட்டுப் பரணில் அதைக் கண்டுபிடித்தார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து குழந்தையை ஏந்தி வருகிறவர் மாதிரி, அதைத் திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கினார். மரப்பெட்டி, வெள்ளி நிறத்தில் முகம், வரிசையாகக் குமிழ்கள், கண்ணாடிக்குள் இரண்டு முள். கனம் அரை மூட்டை நெல் இருக்கும்.

அன்றைக்கே தஞ்சாவூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். இந்த மாதிரிப் பழசைத் தொட அவர் ஒருவர்தான் என்று மாப்பிள்ளைக்கு நம்பிக்கை. மேல் மூடியைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகளை மாட்டி, கரண்டு கொடுத்துப் பார்த்தார். ஒரு ஸ்பீக்கர் ஊமை. இன்னொன்று, குமிழைத் திருகினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி கரகரத்தது.

"உள்ள பூரா அழுக்கு சார். க்ளீன் பண்ணினாப் பாடிடும். சனிக்கிழமை சாமானெல்லாம் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையும் சென்னைக்குக் கிளம்பினார். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "அத்தைய இதைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க மாமா" என்றார். அத்தை இரண்டடி தள்ளிக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

நானும் பார்த்துக்கொண்டேன். அதுதான் வினை. புதன்கிழமை காலையில், திறந்து கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பல்லி முட்டை ஓடு, கரப்பான் இறக்கை, எட்டுக்கால் பூச்சிக் கூடு, எல்லாவற்றின் மேலும் அடுப்படிக் கரி மாதிரி ஒரு பிசுக்கு. இதற்குள்ளிருந்து பாட்டு எப்படி வரும், இருமல்தான் வரும். மெக்கானிக்கே சொல்லிவிட்டார், க்ளீன் பண்ணினால் பாடும் என்று. இதற்கு ஒருவர் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வரவேண்டுமா?

வீட்டுக்காரர் பூதலூர் போயிருந்தார். பெட்டியை இழுத்து இழுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லில் வைத்தேன். சோப்புத் தூள், பழைய பல் பிரஷ், தேங்காய் நார். சந்து பொந்தெல்லாம் தேய்த்தேன். நாலு வாளித் தண்ணீர் ஊற்றினேன். முதல் வாளி காப்பி டிகாக்‌ஷன் மாதிரி போனது. நாலாவது வாளி குடிக்கலாம் போல இருந்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

வீட்டுக்காரர் வந்தார். சொட்டச் சொட்ட நிற்கிற பெட்டியைப் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னடி பண்ணின?"

"குளிப்பாட்டினேன்."

"கரண்டு சாமானை யாராச்சும் குளிப்பாட்டுவாங்களா? மனுசன் ரெண்டு வருசமாத் தேடினது. நீயே மாப்பிள்ளைகிட்ட சொல்லிக்க. நான் மாட்டேன்."

ஈரக் கையோடு உள்ளே ஓடி வசந்திக்குப் போன் போட்டேன். அவள் முழுசும் கேட்டுவிட்டு, "அம்மா, அது கெடச்சதுலேருந்துதான் அவரு வீட்டுல சிரிச்ச மொகமா இருக்காரு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இனி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காயவைப்பது. அந்த வாரம் வாசலில் புழுங்கல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லுக்குப் பக்கத்திலேயே பெட்டியையும் சாக்கின் மேல் சாய்த்து வைத்தேன். நெல்லைக் காலால் துழாவிவிடும்போதெல்லாம் பெட்டியையும் ஒரு பக்கம் புரட்டினேன். உச்சி வெயிலில் நெல்லைக் குவித்து மூடும்போது இதையும் நிழலுக்கு இழுத்தேன், சூடு ஏறினால் அரிசி நொறுங்கும், இது என்ன ஆகுமோ என்று. கோழியை விரட்டினேன். எதிர்வீட்டுச் செல்வி, "என்னக்கா, மாப்பிள்ளைக்கு வடகமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நெல் காய்ந்ததா என்று கடித்துப் பார்ப்போம். இதைக் கடிக்க முடியாமல் மோந்து மோந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈர வாடை போயிருந்தது. தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்து, மூடியையும் மேலே போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளையும் மெக்கானிக்கும் வந்து இறங்கினார்கள். உளுந்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்காரர் வயலுக்கு நழுவினார் (உளுந்து எங்கே ஓடிப்போகிறது). நான் கதவுக்குப் பின்னால். சொல்ல வாய் வரவில்லை. மாப்பிள்ளை ஒரு வேகத்தில் பிளக்கைக் கையில் எடுத்தார். உள்ளே எங்காவது ஈரம் இருந்து அவரைத் தூக்கி அடித்தால்? என் மகளின் தாலி கண்ணுக்குள் வந்து நின்றது. எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது.

"போடாதீங்க மாப்பிள்ளை. அதை நான் குளிப்பாட்டிட்டேன்."

பதினோரு வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. அவர் பிளக்கோடு அப்படியே நின்றார். ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்தவும் முடியவில்லை. சோப்புத் தூள், நாலு வாளி, மூன்று நாள் வெயில், கோழி வரைக்கும் ஒப்பித்தேன்.

மெக்கானிக் மூடியை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். அவரும் மோந்து பார்த்தார்.

"திருப்பித் திருப்பிப் போட்டீங்களாம்மா?"

"நெல்லோட சேத்து."

மெக்கானிக், பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்து, அது வழியாகக் கரண்டு கொடுத்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று நின்று எரியுமாம். எரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பல்பு மங்கியிருந்தது, இரண்டு முள்ளும் ஆடின, புகை இல்லை. மெக்கானிக் தன் போனை அதில் இணைத்ததும், ஸ்பீக்கர்ப் பெட்டி இரண்டிலிருந்தும் நாதஸ்வரம் வந்தது. குமிழைத் திருகினார். ஒரு கரகரப்பு இல்லை. நான் நெல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன், மாப்பிள்ளை எதிரிலேயே.

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாங்களும் சில சமயம் கழுவறதுதாம்மா. வெளிய சொல்லிக்க மாட்டோம்" என்றார். "ஆனா விவரம் தெரியாம யாரும் இப்படிச் செஞ்சுடாதீங்க, நூத்துல ஒண்ணுதான் பொழைக்கும்" என்றும் சொன்னார்.

அப்புறம்தான் மாப்பிள்ளை முகப்பைக் குனிந்து பார்த்தார். குமிழ்களுக்கு மேலே எது எதற்கு என்று எழுதியிருந்த எழுத்தில் ஒன்றுகூட இல்லை. நார் போட்டுத் தேய்த்ததில் மொத்தமும் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது. இன்றைக்கும் அவர் வீட்டில் எந்தக் குமிழ் எதற்கு என்று திருகிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

இப்போது அவர்கள் வீட்டில் எது பழுதானாலும் "எத்தனை நாள் வெயில் அத்தை?" என்று மாப்பிள்ளை நேராக எனக்கே போன் போடுகிறார். மிக்ஸி, கடிகாரம், போன மாதம் அவருடைய மூட்டு வலி. நானும் பேசுகிறேன். சென்ற வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை. வசந்தி போனில், "இவரை அங்க அனுப்பறேம்மா, நாலு வாளி ஊத்தி மூணு நாள் வெயில்ல போடு" என்றாள்.

பக்கத்திலிருந்து மாப்பிள்ளை, "வர்றேன் அத்தை, நார் மட்டும் வேண்டாம். எழுத்தெல்லாம் போயிடும்" என்றார்.

"என் பொண்ணு மிச்சம் வச்சிருந்தாத்தானே மாப்பிள்ளை" என்றேன்.

அன்றைக்கு முழுக்க வசந்திதான் என்னோடு பேசவில்லை.