ஐம்பத்தைந்து அங்குல மாமனார்

"இதப் பாத்தா டிவின்னு யாருக்காவது தோணுமா?"

பாறசாலைக் கடையில் கிளீட்டஸ் இந்தக் கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டார். விற்பனைக்கு நின்ற அபிலாஷ் சலிக்காமல் மறுபடியும் சுவரைக் காட்டினான். அங்கே மரச்சட்டத்துக்குள் ஒரு பூந்தோட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. பளபளப்பு இல்லை, கண்ணாடி மினுக்கம் இல்லை. கிட்டப் போய் மூக்கை வைத்துப் பார்த்தாலும் ஓவியம்தான்.

"ஒருத்தருக்கும் தோணாது அண்ணா. ஆஃப் பண்ணினா படம், ஆன் பண்ணினா டிவி. நேத்து ஒரு அம்மச்சி இதுக்குப் பின்னால பல்லி உண்டான்னு தூக்கிப் பாத்தாங்க."

"அம்மச்சிய விடு. எனக்க பெண்டாட்டிக்குத் தோணுமா? அதச் சொல்லு."

சிக்கலே அதுதான். பொழியூர் கிளீட்டஸ் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும் நேரமெல்லாம் பந்துகளி என்கிற கால்பந்து ஆட்டம் பார்க்கிறவர். போன வருஷம் ஃபைனலில் கேரளா ஒரு பெனால்டியைக் கோட்டை விட்டது. அதைத் தாமே அடித்துக் காட்டும் ஆவேசத்தில் கிளீட்டஸ் துள்ளி எழுந்து காலடியில் கிடந்ததை உதைத்தார். கிடந்தது, பவுலா கறிக்கு அரைக்க உரித்து வைத்திருந்த தேங்காய். அது நேராக டிவிக்குள் போயிற்று. அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான்.

வீங்கின பெருவிரலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. பவுலா தேங்காயைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டே, "இனி இந்த வீட்டு நடையில டிவி கேறாது. எனக்க அப்பன் மேல சத்தியம்" என்றாள். கறி அன்று ருசியாகத்தான் இருந்தது. டிவி மட்டும் அதோடு போயிற்று.

இப்போது இரண்டு வாரத்தில் மறுபடியும் ஃபைனல். போனில் பார்த்தால் பந்து கடுகு அளவுக்குத் தெரிகிறது. கிளப்பில் போய்ப் பார்த்தால் முன்னால் நிற்கிறவனுடைய தலை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

"படத்துல என்ன வேணும் அண்ணா? பூவு, மலை, குதிர எல்லாம் உண்டு" என்றான் அபிலாஷ். பிறகு சற்று யோசிக்கிறவன்போல, "வீட்டில மரிச்சுப்போன பெரியவங்க ஆராவது உண்டா? மாமனாரு? அவங்க படம்னா ஆரும் சந்தேகப்படமாட்டாங்க" என்றான்.

கிளீட்டஸ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "எலே மக்கா! உனக்க மூள இந்தக் கடையில கெடந்து வீணாவுதுடே!"

பவுலாவின் அப்பா லாசர் இறந்து ஆறு வருஷம். கண்ணை உருட்டினால் கரையே அடங்கும். அந்த முகத்தைச் சுவரிலிருந்து இறக்கு என்று பவுலா மட்டுமல்ல, பொழியூரில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

"அம்பத்தஞ்சு இஞ்சு போதுமா?"

"உயிரோட இருக்கும்போ மனுசன் இத்தன பெருசு இல்ல. இருக்கட்டு. போடு."

"ஒரு காரியம் உண்டு. ஆளு கிட்ட வந்தா படம் தானா தெளியும். ஆளு போனா அணைஞ்சுபோவும். கறண்டு லாபமாக்கும்."

கிளீட்டஸ் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவர் மனதுக்குள் அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

பவுலா பனச்சமூட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, லாசர் கூடத்துச் சுவரில் ஏறினார். மாலையில் பட்டுச்சேலையோடு உள்ளே வந்த பவுலா அப்படியே நின்றுவிட்டாள். கைப்பை நழுவி விழுந்தது.

"அப்பா!"

"உனக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டுன்னு…" என்று கிளீட்டஸ் தரையைப் பார்த்துக்கொண்டு இழுத்தார்.

பவுலா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்குள்ள இப்பிடி ஒரு மனசு உண்டுன்னு எனக்கு இத்தன நாளும் தெரியாமப் போச்சே!"

கிளீட்டஸுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. ஆனால் அடுத்த வார்த்தையில் அந்தச் சுருக்கு இடம் மாறியது.

"இனி டெய்லி ஏழு மணி ஜெபம் அப்பனுக்க முன்னாலதான். நான் இந்த ஹாலில பாய விரிச்சுப் படுத்துக்கிடுகேன். அப்பனத் தனியா விட்டிட்டு உள்ள போவ மனசு வரல்ல."

சொன்னபடியே செய்தாள். காலையில் மீன் வெட்டினால் அங்கே, மத்தியானம் பயறு உடைத்தால் அங்கே. சனிக்கிழமை பெண்கள் குழுவின் அயல்கூட்டத்துக்குப் போவாள், ஒரு ஆட்டமாவது பார்க்கலாம் என்று கிளீட்டஸ் காத்திருந்தார். அவள் கூட்டத்தையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். பதினெட்டுப் பெண்கள் லாசருக்கு எதிரே உட்கார்ந்து சோப்புப்பொடி தயாரிப்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். அதே நேரத்தில் கேரளா செமிஃபைனலில் ஜெயித்தது. கிளீட்டஸ் அதை மறுநாள் பேப்பரில் படித்தார்.

அன்று மாலை, காரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த தங்கை ஷீஜா வந்தாள். கூடத்தில் அப்போது யாரும் இல்லை. சட்டத்துக்குள் ஒரே கறுப்பு. ஷீஜா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு எட்டு வைத்தாள். கறுப்புக்குள்ளிருந்து அப்பா மெதுவாகத் தெளிந்து வந்து அவளை நேராகப் பார்த்தார்.

ஷீஜா போட்ட கூச்சலில் தெங்கில் இருந்த காகம் பறந்தது.

"அக்கா! அப்பன் கண்ணு முழிச்சாரு! என்னப் பாத்து முழிச்சாரு!"

"பின்ன முழிக்காமலா? நீன்னா அவருக்கு உயிரில்லியா?" என்றாள் பவுலா நிதானமாக. "உனக்க அத்தான் எழும்பிப் போனா அப்பன் அணைஞ்சுபோவாரு. நான் பாத்திருக்கேன்."

கிளீட்டஸ் அன்றே ஒரு வேலை செய்தார். சட்டத்தின் அடியில் ஆளைக் கண்டுபிடிக்கிற சென்சாரின் சின்னப் பொட்டின்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டினார். படம் அதற்குப் பிறகு தெளியவே இல்லை.

காலையில் பவுலா நெஞ்சில் கை வைத்தாள். "அப்பனுக்க மொகம் கறுத்துப்போச்சே! கேட்டியளா, நீங்க என்ன தப்புச் செய்திய?"

"நானா? நான் ஒண்ணும் செய்யல்ல!"

"ஒண்ணும் செய்யாமலா அப்பன் மொகத்தக் கறுப்பாரு? கோயிலுக்குப் போய் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்திட்டு வாருங்க."

கிளீட்டஸ் பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்துவிட்டு, கோயிலுக்கும் போய்விட்டு வந்தார். பாதிரியாரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல், போன வருஷத்துத் தேங்காயைச் சொல்லிவிட்டு எழுந்தார்.

ரிமோட்டை எங்கே ஒளிப்பது என்பது அடுத்த கவலை. பவுலா வீட்டைப் பெருக்கினால் ஒரு ஊசி மிச்சமிருக்காது. ஆகவே அவர் அதைக் கைலி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டே திரிந்தார்.

திங்கட்கிழமை ஏழு மணி. பவுலாவும் ஷீஜாவும் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிளீட்டஸ் முழங்காலிட்டுக் குனிந்தார். மடியில் ஏதோ அமுங்கிற்று. உச்சியில் வைத்த சத்தத்தோடு ஒரு கனத்த ஆண் குரல் கூடத்தை அதிர வைத்தது:

"மல்ஸ்யத் தொழிலாளிகள் ஒரு காரணவசாலும் கடலில் போகான் பாடில்ல!"

கிளீட்டஸ் மடியை இரண்டு கையாலும் அடித்தார். குரல் நின்றது, படம் வந்தது. பெண்கள் கண்ணைத் திறந்தபோது லாசர் பழையபடி முறைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பனுக்க சத்தம்!" என்றாள் ஷீஜா நடுக்கத்தோடு. "ஆனா, அப்பன் எப்பக்கா மலையாளம் பேசினாரு?"

"கோவம் வந்தா மலையாளம்தானே பேசுவாரு" என்றாள் பவுலா. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டியளா? அப்பன் சொல்லியாச்சு. இனி அவரு சொல்லாத வரைக்கும் கடலுக்குப் போவாண்டாம்."

டிவியில் வந்த அந்த வானிலை எச்சரிக்கை காசர்கோட்டுக் கடலுக்கானது. திரையில் ஓடிய வரைபடத்தைக் கண்ணைத் திறந்திருந்த கிளீட்டஸ் மட்டும் பார்த்திருந்தார். அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். மூன்று நாள் கடல் குளம்போலக் கிடந்தது. பொழியூர் முழுக்கச் சாளை மீன் வந்து குவிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கூடையைச் சாய்த்துக் காட்டிவிட்டுப் போனார்கள். கிளீட்டஸ் மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து, பவுலா காசு கொடுத்து வாங்கிய சாளையைத் தின்றார்.

நாலாம் நாள் ஃபைனல். மத்தியானம் இரண்டரைக்கு.

"எட்டி பவுலா, ஷீஜா உன்னத் தேடுதாளாம். காரக்கோணம் வரைக்கும் ஒண்ணு போயிட்டு வாயேன்" என்றார் கிளீட்டஸ், பன்னிரண்டு மணியிலிருந்து ஒத்திகை பார்த்த குரலில்.

"போறேன்" என்றாள் பவுலா. போயும் விட்டாள். கிளீட்டஸ் கதவைச் சாத்தி, ஒரு தட்டில் மரச்சீனிக் கிழங்கு வறுவலை வைத்து, மடியிலிருந்து ரிமோட்டை எடுத்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரிமோட் மடிக்குத் திரும்பியது.

பவுலாவுக்குப் பின்னால் மரவேலை செய்யும் சுயம்பு நின்றான். கையில் சுத்தியல், வாயில் மூன்று இஞ்சு ஆணி.

"வழியில சுயம்புவக் கண்டேன். கையோட கூட்டிட்டு வந்தேன். அப்பனுக்க கழுத்தில ஒரு ஜெபமால தொங்கவிடணும்."

"ஜெபமாலையா? அதச் சட்டத்தில தொங்கவிட்டாப் போதாதா?" கிளீட்டஸின் குரல் கிறீச்சிட்டது.

"சட்டத்தில அடிச்சா மரம் பிளந்துபோவும். படத்திலயே அடி சுயம்பு. வெறும் அட்டதானே!"

சுயம்பு ஸ்டூலில் ஏறினான். லாசரின் கழுத்துக்குழியில் ஆணியின் முனையை வைத்தான். ஒரு கண்ணைச் சுருக்கி அளவு பார்த்தான். சுத்தியல் பின்னால் போயிற்று.

"அடிக்காதடே!" கிளீட்டஸ் பாய்ந்து சுயம்புவின் இரண்டு காலையும் கட்டிப்பிடித்தார். "அது அட்டையில்ல! டிவியாக்கும்! டிவி! டிவி!"

மடி அவிழ்ந்து ரிமோட் தரையில் விழுந்தது. லாசர் மறைந்தார். பச்சை மைதானத்தில் இரண்டு அணிகள் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடின. சுயம்பு ஸ்டூலிலேயே நிமிர்ந்து அசையாமல் நின்றான். மற்ற இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

பாட்டு முடிந்ததும் கிளீட்டஸ் எல்லாவற்றையும் சொன்னார். கடை, பிளாஸ்திரி, மடி, காசர்கோடு, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல மனசு லேசாயிற்று. பாதிரியாரிடம்கூட இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

பவுலா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கிளீட்டஸ் நினைத்தார்.

"தப்புதான் பவுலா. இப்பவே கழற்றித் திருப்பிக் கொடுத்திருகேன்."

"வேண்டாம்" என்றாள் அவள் கடைசியில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "அப்பன் கேறின சுவர். அவர எறக்கினா தோஷம். கெடக்கட்டு. ஆனா ரிமோட்டு எனக்க கையில இருக்கும். ஜெபம் முடிஞ்சு ஏழரையில இருந்து ஒன்பதரை வரை, மனசு ஆறதுக்கு நான் சீரியலு வல்லதும் பாப்பேன். பந்துகளி வேணும்னா எங்கிட்டக் கேட்டுட்டுப் பாக்கணும்."

"கேக்குகேன்."

"நின்னுட்டுப் பாக்கக்கூடாது. காலு ரெண்டையும் மடக்கி உக்காந்து பாக்கணும்."

"உக்காருகேன் பவுலா!"

அன்று கேரளா ஜெயித்தது. சம்மணம் போட்ட காலோடு கிளீட்டஸ் கண்ணீர் விட்டார். ஆட்டத்துக்குப் பாதி, பவுலாவின் பெருந்தன்மைக்குப் பாதி. சத்தியம் செய்தவள், ஏமாற்றப்பட்டவள், ஆனாலும் மன்னித்தாளே! இப்படிப்பட்ட ஒருத்திக்குத் தாம் தகுதியா என்று அடுத்த ஒரு வாரமும் அவர் நினைத்து நினைத்து உருகினார். ஏழரைக்கு அவள் சீரியல் போட்டால் இவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை, பவுலா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அபிலாஷ் ஸ்கூட்டரில் நீளமான ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான்.

"தேக்கு நிறச் சட்டம் வந்தாச்சு அண்ணா. பழையதக் கழற்றி இத மாட்டித் தாறேன்."

"சட்டமா? நான் ஒண்ணும் கேக்கல்லியேடே."

"நீங்க இல்ல அண்ணா, பவுலா சேச்சி" என்றான் அபிலாஷ் பெட்டியைப் பிரித்துக்கொண்டே. "நீங்க கடைக்கு வருததுக்கு ஒரு வாரம் முன்ன அவங்க வந்து, 'எனக்க மாப்பிள டிவி தேடி வருவாரு, வேற ஒண்ணையும் காட்டாம இதையே காட்டணும்'னு சொல்லி, அப்பனுக்க ஃபோட்டோவும் தந்திட்டுப் போனாங்கல்ல, அன்னைக்கே தெரிஞ்செடுத்த சட்டமாக்கும் இது!"