குடில் ரயிலின் ஏழாவது பெட்டி

ஏழாவது பெட்டி கழன்றுவிட்டது.

எஞ்சினும் ஆறு பெட்டிகளும் பெத்லகேமுக்குப் போய்விட்டன. மீதி ஐந்தும் மேய்ப்பர்களுக்கு நடுவே வைக்கோலில் நின்றன. கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஓடுகிற பொம்மை ரயில்தான். ஆனால் ஓட்டுகிறவர் செல்வதாஸ். கூட்ஸ் வண்டியில் முப்பத்திரண்டு வருஷம் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய ரயில் கழன்றால் அது விபத்து.

கார்டு வேலையின் பழக்கம் விடவில்லை. ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி, கோளாறு, காரணம், சரிசெய்தவர் என்று நான்கு கட்டம். இன்றைய கோளாறுக்குக் காரணம் ‘வைக்கோல்’ என்று எழுதினார். நேற்று ‘பல்லி’. முந்தாநாள் ‘காற்று’. கடைசிக் கட்டம் ஐந்து நாளாகக் காலி.

நாளை மறுநாள் சபை வாலிபர் சங்கம் வீடு வீடாகக் குடில் பார்க்க வருகிறது. நல்ல குடிலுக்குக் கோப்பை உண்டு. செல்வதாஸுக்குக் கோப்பை வேண்டாம். அது எதிர்வீட்டுச் சத்தியராஜுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

சத்தியராஜுக்குப் புதுக்கடை ஊரில் டைல்ஸ் கடை. டிக்கெட் எடுத்து ஏறியதைத் தவிர ரயிலோடு வேறு சம்பந்தம் கிடையாது. அவனிடமும் அதே ரயில், அதே பதினொரு பெட்டி. அவன் வீட்டில் ஒன்றுகூடக் கழலவில்லை. செல்வதாஸின் மனைவி ஜெபகனி அதைத் தினமும் சொன்னாள்.

“ஒரு சத்தம் இல்ல, பாத்துக்கிடுங்க. அவனுக்க ரயிலு வளைவுல திரும்புறதப் பாக்கணும். பாம்பு போறது போல.”

“பாம்புன்னா அடிக்கணும்.”

“நம்ம ரயிலு ஏன் இப்பிடி முக்கிட்டுப் போவுது?”

“ஏட்டி, நீ ஊராருக்குப் பிளவுஸ் தைக்க. உனக்க கழுத்து அளவுல நான் வாய வைக்கேனா? ரயில்வே காரியத்துல நீ வாயத் திறக்கப்படாது. பெட்டியத் தொடவும் படாது.”

“நான் தொடல. அச்சுல நீங்க தேங்கா எண்ண விட்டதுதான்...”

“அம்பத்தெட்டு வேகன் ஓட்டினவன் நான்.”

“நீங்க எங்க ஓட்டினிய? கடைசிப் பெட்டியில இருந்து கொடி காட்டினிய.”

அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

இதுவாவது போகட்டும். தினமும் நாலு மணிக்கு ஜெபகனி ஒரு டப்பா முந்திரிக்கொத்தோடு எதிர்வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். சத்தியராஜின் மனைவி ரெஜிலாவோடு பேசப் போகிறாளாம். ரெஜிலா பேசினால் ஜங்ஷன் வரை கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. டப்பா மட்டும் காலியாகத் திரும்பியது. வீட்டில் கட்டிய புருஷனுக்கு இரண்டு முந்திரிக்கொத்து. எதிர்வீட்டுக்குப் பத்து.

ரயிலைப் புகழ்வதைத் தாங்கலாம். முந்திரிக்கொத்து கொடுத்துப் புகழ்வதை எப்படித் தாங்குவது? சத்தியராஜின் பெட்டிக்கு அடியில் என்னவோ இருக்கிறது. அதைப் பார்த்தே தீரவேண்டும்.

மறுநாள் மழை. குடையை எடுத்துக்கொண்டு மூன்றேமுக்காலுக்கே எதிர்வீட்டுக்குப் போனார்.

“வாங்க அண்ணாச்சி. அதிசயமா இருக்கு,” என்றான் சத்தியராஜ். “அக்கா தினமும் வாறாவ. நீங்கதான் வரல.”

“அவ வாறது எனக்கும் தெரியும்.”

சத்தியராஜ் காப்பி எடுக்க உள்ளே போனான். செல்வதாஸ் குடில் ரயிலின் கடைசிப் பெட்டியை லேசாகத் தூக்கினார். கொக்கி மரியாதையாக விட்டுக் கொடுத்தது. பெட்டியை மடக்கின குடைக்குள் போட்டார். கைத்தடி போலப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

“காப்பி குடிக்காமலா போறிய?”

“சோலி கிடக்கு.”

வெளியே மழை கொட்டியது. செல்வதாஸ் தலையைக் குனிந்து படியில் கால் வைத்தார்.

“அண்ணாச்சி, குடைய விரிக்காம போறிய.”

“சாரல்தான்.”

“இதுவா சாரல்? இஞ்ச தாருங்க.”

சத்தியராஜ் மரியாதைக்காரன். குடையை வாங்கினான். விரித்தான்.

பெட்டி விழுந்தது. சக்கரம் கீழாக விழுந்தது. விழுந்த இடம் டைல்ஸ் கடைக்காரன் வீட்டு வராந்தா. விழுந்த வேகத்தில் உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது. ஒரு சத்தம் இல்லை. பாம்பு போவது போலப் பக்கவாட்டுப் படி வரை போய், அப்போதுதான் ஏறிவந்த ஒரு காலில் முட்டி நின்றது.

காலுக்கு மேலே முந்திரிக்கொத்து டப்பா. அதற்கு மேலே ஜெபகனியின் முகம்.

ஜெபகனி பெட்டியை எடுத்தாள். “நல்லாத்தான் உருளுது,” என்று கவிழ்த்துப் பார்த்தாள். செல்வதாஸும் பார்த்தார்.

பெட்டிக்கும் சக்கரக் கட்டைக்கும் நடுவே வட்டமாக வெட்டிய அட்டைத் துண்டு. அதில் பாதி மீசை. அந்த மீசையை அவருக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறார். அவருடைய பணி நிறைவு விழா அழைப்பிதழ். மிச்சம் ஒரு கட்டு அலமாரியில் கிடந்தது.

“இவனுக்க பெட்டிக்கு அடியில நான் எதுக்குக் கிடக்கேன்?”

“ஒரு கொக்கி மேல, ஒரு கொக்கி கீழன்னு கிடந்துது. தூக்கி வைக்க அந்த அட்டை சரியான கனம்,” என்றாள் ஜெபகனி.

“யாரு வச்சது?”

“அக்காதான்,” என்றான் சத்தியராஜ். “பதினொரு பெட்டியும் அக்காக்க கைதான். உங்களுக்குத் தெரியாதா?”

“எங்கிட்டச் சொல்லல.”

“வாயத் திறக்கப்படாதுன்னு சொன்னிய,” என்றாள் ஜெபகனி. “தொடப்படாதுன்னும் சொன்னிய. இவன் தொடச் சொன்னான்.”

“அப்போ முந்திரிக்கொத்து?”

“வேல செஞ்சா எனக்குப் பசிக்காதா?”

வீட்டுக்கு வந்தார்கள். செல்வதாஸ் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“ஏட்டி.”

“என்ன?”

“பெட்டி.”

“பெட்டிக்கு என்ன?”

“தொடு.”

தொட்டாள். டிசம்பர் குளிரில் அச்சுகளில் தேங்காய் எண்ணெய் வெண்ணெய் போல உறைந்திருந்தது. அதில் வைக்கோல் தூசி, பஞ்சு, இரண்டு எறும்பு. “மெஷினுக்கு யாராவது தேங்கா எண்ண விடுவாவளா?” என்று ஊசியால் தோண்டி எடுத்தாள். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாள். அச்சு முனையில் பென்சில் கரியைப் பொடித்துத் தூவினாள். கனம் போதாத பெட்டிகளுக்குள் தேங்காப்பட்டணத்து மீன்காரியிடம் வாங்கிய, வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. கொக்கி தாழ்ந்த இடங்களில் அழைப்பிதழ் அட்டை. இந்தத் தடவை அவருடைய நெற்றியை வெட்டினாள்.

ரயில் ஓடியது. ஏழாவது பெட்டி ஆறாவதை விடவே இல்லை.

“வாறவங்க கேட்டா நான் செஞ்சதாத்தான் சொல்லுவேன்,” என்றார் செல்வதாஸ். “நீ வாயத் திறக்கப்படாது.”

“திறக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியம் பண்ணப்படாதுன்னு வேதத்துல இருக்கு. சொன்னாச் சொன்னதுதான்.”

அன்று கோளாறு இல்லை. அதனால் அவர் நோட்டைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை வாலிபர் சங்கச் செயலாளர் ஜெப்சன் இரண்டு பேரோடு வந்தான். முதல் வீடே செல்வதாஸ் வீடு. ரயில் இருபது சுற்று ஓடியது. மேய்ப்பர்கள் சும்மா நின்றார்கள்.

“யாரு அண்ணாச்சி இவ்வளவு பக்குவமாச் செஞ்சது? போன வாரம் பாத்தப்போ முக்கிட்டுக் கிடந்துதே.”

“ரயில்வேக்காரன் கை,” என்றார் செல்வதாஸ்.

ஓரக்கண்ணால் பார்த்தார். ஜெபகனி காப்பித் தட்டோடு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். செல்வதாஸுக்கு மனசு நிறைந்தது. நிறைந்தால் அவருக்கு அதோடு நிற்காது.

“சும்மா சொல்லல மக்கா. எல்லாத்துக்கும் ரெக்கார்டு இருக்கு.”

நோட்டை எடுத்து நீட்டினார். ஜெப்சன் சபையில் வேதபாடம் வாசிக்கிறவன். எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

“கோளாறு, ஏழாவது பெட்டி கழன்றது. காரணம், வைக்கோல். அத அடிச்சிட்டு, தேங்காய் எண்ணெய்.”

செல்வதாஸ் எட்டிப் பார்த்தார். குண்டு குண்டான எழுத்து. பிளவுஸ் அளவு எழுதுகிற கை. கடைசிக் கட்டம் ஐந்து நாளும் நிரம்பியிருந்தது.

“சரிசெய்தவர், ஜெபகனி.”